எண்ணெய் சூடாக ஐந்து மணி நேரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். கதைக்காக அவரை சிவராமகிருஷ்ணன் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மனைவி ப்ரியம்வதா, ஆஸ்பத்திரி ஒன்றில் ஃபார்மசிஸ்ட். நாற்பத்தேழாவது வயதில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், இரண்டு வருடம் விடாமல் கற்றார். லைசென்ஸுக்கு ஒரே ஒரு காலை மட்டும் பாக்கி இருந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டார். காரணம் ஒரு சுவிட்ச். போட்டிருக்க வேண்டிய சுவிட்ச், போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலையில், அணைந்து கிடந்தது.

இதை நண்பர், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த ஒரு பொங்கல் பாட்லக்கில், கையில் காகிதத் தட்டுடன் நின்றபடி எனக்குச் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதையும் எழுத ஓடவில்லை.*

* கதைக்குள் நுழைந்ததும் ப்ரியம்வதாவை 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 'அவர்' என்று எழுதினால் எனக்கு அவள் முகம் தெரிய மாட்டேன் என்கிறது.

2

தொடக்கங்கள்.

'அன்று நியூ ஜெர்சியின் வானம் ஒரு—'

வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கிற கதையை நானே இரண்டாம் வரியில் மூடிவிடுவேன்.

'குளிர்காலத்தில் விமான இன்ஜினைச் சூடேற்றுவது எப்படி என்றால்—'

கையேடு மாதிரி இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் கதை ஓர் அடி நகராது. ஆகவே இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் இன்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய் ஃப்ரிட்ஜில் வைத்த நெய் மாதிரி ஆகிவிடும். இன்ஜினின் உடம்பு அலுமினியம், உள்ளே சுழலும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு எஃகு. குளிரில் அலுமினியம் அதிகமாகச் சுருங்கும், எஃகு கொஞ்சமாகத்தான் சுருங்கும். நடுவில் எண்ணெய் ஓட வேண்டிய இடைவெளி இறுகிப்போகும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிளம்பத்தான் செய்யும். ஆனால் முதல் நிமிடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள், மூவாயிரம் அடி உயரத்தில், தெரிய வரும்.

அதனால் முந்தைய நாளே சூடேற்றி வைப்பார்கள். எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு மின்சாரப் பட்டை ஒட்டியிருக்கும். அதை பிளக்கில் மாட்டி, இன்ஜின் இருக்கும் விமான மூக்கின் மேல் தடித்த கம்பளி போர்த்திவிட்டால் எண்ணெய் மெல்ல இளகும், அதிலிருந்து சூடு மேலே ஏறும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஆகும், இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. அவசரமே கூடாத வேலை.

(இந்த இடத்தில் நீங்கள், 'ஓஹோ, இன்ஜின் என்பது தாம்பத்தியம்' என்று புன்னகைக்கப் போகிறீர்கள். முதல் படியில் நானும் அப்படி ஒரு பத்தி எழுதி, என்னையே மெச்சிக்கொண்டு, மறுநாள் வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். இன்ஜின் இன்ஜின்தான்.)

மூன்றாவது தொடக்கம், இதையே வைத்துக்கொள்கிறேன்:

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ப்ரியம்வதா விமானத்தைத் தூங்கவைத்தாள்.

வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிட டிரைவில் ஒரு சின்ன விமானத்தளம். சோளக்கொல்லைக்கு நடுவே ஒரு ஓடுபாதை, தகரக் கொட்டகைகள் ஒரு வரிசை. ஏழாம் நம்பர் கொட்டகைக்குள் அந்த நான்கு சீட் விமானம் நின்றது. பழையது. அவளும் ஃபிரெடி என்ற நாகர்கோவில்காரனும் சேர்ந்து வாங்கியது. நீலக் கம்பளியை மூக்கின் மேல் போர்த்தி, கீழே கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒயரைத் தரையில் கிடந்த பவர் ஸ்ட்ரிப் பலகையில் செருகி சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரையை இரண்டு தடவை எண்ணுகிற கை அது. இங்கேயும் இரண்டாம் முறை குனிந்து பார்த்தாள்.

உடனே கிளம்ப மனம் வரவில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தாள். தகரத்தின் மேல் பனி சரியும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கம்பளிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக எண்ணெய் வாசனை கிளம்பியது. நாளைக்கு இந்நேரம் தான் பைலட் என்று நினைத்துக்கொண்டாள். அந்த எண்ணம் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் எழுந்துபோக விடவில்லை. விமானம் மூச்சு விடுவதாகவும், அது தன் மூச்சோடு சேர்ந்துகொண்டதாகவும் அவளுக்குத் தோன்றியது. அரைத் தூக்கத்தில் அவள் ஏற்கெனவே மேலே இருந்தாள்.

(அவள் அப்படி நினைத்தாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், என்று கேட்பீர்கள். தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தாள் என்பது ஃபிரெடி சொன்னது. மிச்சம் என் ஆசை.)

3

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். பத்து டிகிரி ஃபாரன்ஹீட், நம் ஊர்க் கணக்கில் மைனஸ் பன்னிரண்டு. எட்டு மணிக்கு எக்ஸாமினர் வருவார். பத்து மணிக்குப் பனி கொட்டும் என்று வானிலை அறிக்கை. டிசம்பரிலேயே வாய்மொழித் தேர்வில் பாஸாகிவிட்டாள். அன்று காற்று அதிகமாக இருந்ததால் பறக்கும் பாதியைத் தள்ளிப்போட்டு, கையில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். கடிதத்துக்கு ஆயுள் அறுபது நாள். வரும் திங்களோடு முடிகிறது. தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

கம்பளிக்குள் கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளே ஐஸாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். ஒயர் செருகியபடியே இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவிட்ச் ஆஃப்.

பின்னாலேயே ஃபிரெடி காபி டம்ளர்களோடு வந்தான். விஷயத்தைப் பார்த்ததும் டம்ளர்களைத் தரையில் வைத்தான்.

"எக்கா, டென்ஷன் ஆவாதீங்க. என் கார்ல சின்ன ஹீட்டர் கெடக்கு. இருவது நிமிஷம் சூடு காத்து அடிச்சா கேஜ் மேல வந்துரும். ஸ்டார்ட் பண்ணிருவோம்."

"கேஜ் மேல வரும் ஃபிரெடி. சிலிண்டர் சூட்டைத்தான் அது காட்டும். அடியில எண்ணெய் அப்படியேதான இருக்கும்? உள்ள கிராங்க்ஷாஃப்ட்?"

"ஒரே ஒரு வாட்டிதானக்கா. நம்ம இன்ஜின்தான. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்ட. நாளைக்கு ரெனிஷாவையும் பாப்பாவையும் உக்கார வெச்சு நீ மேல போறப்ப, அது சொன்னா?"

ஃபிரெடி காருக்குப் போகவில்லை. ரெனிஷா அவன் மனைவி.

அவள் போனை எடுத்து எக்ஸாமினரைக் கூப்பிட்டாள். இன்ஜின் சூடாகவில்லை, என் தவறு, இன்று வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுமுனையில் அந்த அம்மாள், இப்படி மறுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் லைசென்ஸ் கொடுக்க ஆசைப்படுகிறேன் என்று சொன்னாராம். ப்ரியம்வதா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தேங்க் யூ என்று வைத்துவிட்டாள்.

"சுவிட்ச் ஆன் பண்ணோம்னு சத்தியமா நினைச்சுட்டிருந்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்னுகூட நினைப்பு. பாக்காததை பாத்ததா நினைச்சுக்கறவ மேல போகக் கூடாது ஃபிரெடி."

"எல்லாருக்கும் மறதி வரும்க்கா."

"எனக்கு வராது. இதுவரைக்கும் வந்ததில்ல."

சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவன் கையில் வைத்தாள். காபி தரையிலேயே ஆறியது.

4

(இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதி ஐந்து முறை அடித்தேன். அடித்ததை அப்படியே விடுகிறேன்.)

கேள்வி எளிமையானது. அவள் சுவிட்சைப் போட்டாள் என்று நான் இரண்டாம் பகுதியில் எழுதிவிட்டேன். அப்படியானால் அணைத்தது யார்?

அ. எலி. கொட்டகைகளில் எலி உண்டு. கம்பளியின் சூட்டுக்கு வந்த எலி சுவிட்சின் மேல் ஏறி— எலிக்கு அவ்வளவு எடை கிடையாது. அடி.

ஆ. கரண்ட் போயிற்று. போய்த் திரும்பி வந்தால் விளக்கு தானாக எரியும். சுவிட்ச் தானாகக் கீழே சாயாது. அடி.

இ. ஃபிரெடி. ஒரு படியில் நான் ஃபிரெடியை மாட்டிவிட்டேன். அவனுக்குக் கவனக்குறைவான சுபாவம் கொடுத்தேன், சுவிட்சின் மேல் கால் இடறவைத்தேன். எழுதி முடித்த அன்று மாலை, அவன் போன் செய்து, சர்ச்சில் கேக் நிறைய மீந்துவிட்டது, உங்களுக்கு எடுத்துவைத்திருக்கிறேன் என்றான். போனை வைத்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

ஈ. யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள், பூட்டியிருந்த கொட்டகைக்குள்—

சாவி எப்படி வந்தது அவனுக்கு?

சாவி வீட்டில் இருந்தது. சமையலறைப் பக்கம், ஆணியில்.

5

நண்பர் என்று யாரும் கிடையாது. பாட்லக்கில் காகிதத் தட்டோடு நின்றவன் நான்தான். ஃபிரெடிதான் அன்று காலை நடந்ததை எனக்குச் சொன்னான். பெயரைக்கூட நான் மாற்றவில்லை. சிவராமகிருஷ்ணன் என் பெயர். ப்ரியம்வதா என் மனைவி.

நடந்தது இது. இரண்டு வருடமாக நான் அவளுடைய பறத்தலைக் கேலி செய்துகொண்டிருந்தேன். 'ஏர் இந்தியா வந்துட்டாங்க' என்பேன். 'லேண்டிங் ஸ்மூத்தா?' என்பேன், அவள் குழம்பைக் கரண்டியால் ஊற்றும்போது. கேலி எனக்குச் சுலபமாக வரும். எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாக இருந்தது என்பதை மட்டும் சொல்ல வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து நேராக பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனேன். வீட்டுக்கு வந்து, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். முதல் தடவை. முன்சக்கரத்தின் நடுவில், கிரீஸ் அழுக்குக்குள், யாருக்கும் தெரியாதபடி ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். ஆபீஸில் பகுத்தறிவு பேசுகிற ஆள் நான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் கிளம்பினேன். கிளம்பும்போது கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் நிரம்பிய விமானம், மேலே கம்பளி, அடியில் கரண்ட். எனக்குப் பகீரென்றது. 'எல்லா சுவிட்சும் ஆஃப் பண்ணியா?' என்ற கேள்வியைக் கேட்டுக்கேட்டே வளர்ந்த ஜாதி நாம். ஃபேன், மோட்டார், கீஸர், அயர்ன் பாக்ஸ், டிவி. ஊருக்குப் போகையில் தெருமுனை வரை போய்விட்டு கேஸைப் பார்க்கத் திரும்பி வருகிறவர்கள். இந்த நாட்டில் சுவரில் பிளக்குக்கு சுவிட்சே கிடையாது. இருபத்தோரு வருடமாக அணைக்க ஒன்றும் இல்லாமல் தவித்த என் விரல், பவர் ஸ்ட்ரிப்பைக் கண்டதும் தானாகப் போயிற்று.

டக்.

அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். வழியெல்லாம் பாட்டுக் கேட்டேன்.

மறுநாள் எட்டரைக்கே அவள் திரும்பி வந்தாள். நான் சோபாவில் இருந்தேன்.

"என்ன, அதுக்குள்ள? வெதரா?"

"இல்ல. ஹீட்டர் ஆன் பண்ண மறந்துட்டேன் போல. கேன்சல்."

"ஹீட்டரா? எந்த ஹீட்டர்?"

அவள் மாடிக்குப் போனாள். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த சிவப்பு விளக்கு.

சுவிட்சை அணைத்தது தெரியாமல் செய்தது. அதற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அந்த ஹீட்டரைப் பற்றி அவள் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். இதே சாப்பாட்டு மேஜையில், அலுமினியம் எவ்வளவு சுருங்கும், எஃகு எவ்வளவு சுருங்கும் என்று இரண்டு கையையும் வைத்துக் காட்டினாள். நான் 'ம்' போட்டுக்கொண்டே போனில் ஸ்கோர் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் நான் விளக்கினேனே, அதெல்லாம் போன வருடம் முழுக்க இன்டர்நெட்டில் உட்கார்ந்து நானாகப் படித்தது. அவள் இலவசமாகச் சொன்ன பாடம்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஒன்றும் சொல்லாத முடிவு. ஒரு வருடமாக இதில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்று மாலை சொல்லலாம் என்று இருந்தேன், திங்கள் கடிதம் காலாவதியானது. அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன் எனக்கு நானே. ஆனால் ஒரு மாதத்தில் அவள் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை பார்க்க ஆரம்பித்தாள். கராஜ் கதவு மூடியதை போட்டோ எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். டூட்டியில் இரண்டு தடவை எண்ணியவள் இப்போது ஐந்து தடவை எண்ணுகிறாளாம். போன வாரம் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த காலண்டரில், வரும் வியாழனில், சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். நியூராலஜி.

"இது என்ன அப்பாயின்ட்மென்ட்?" என்று கேட்டேன்.

"சும்மா. மெமரி டெஸ்ட். அம்பது ஆகப் போகுதில்ல" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அன்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

இரண்டாவது முடிவு கனவு. அதை எழுதும்போது மட்டும் எனக்கு எங்கேயும் தடை வரவில்லை. அந்தச் சனிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கம்பளியை எடுத்ததும் மூக்கிலிருந்து மெல்லிய ஆவி. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. சோளக்கொல்லை வெள்ளையாகப் பின்னால் ஓடுகிறது, சக்கரங்களின் சத்தம் நின்றுபோகிறது. நான் அவள் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே எக்ஸாமினர்தான் உட்கார வேண்டும், தெரியும், கனவில் அந்த அம்மாளை இறக்கிவிட்டேன். கீழே ரூட் ஒன் நெடுஞ்சாலை சாம்பல் நிறத்தில் போகிறது. எங்கள் குடியிருப்பின் வீட்டுக் கூரைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, எது நம்முடையது என்று தெரியவில்லை, தெரியாததில் ஒரு நிம்மதி. பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குள் ஒரு ரயில் சத்தமே இல்லாமல் நுழைகிறது. ஏரி உறைந்து கிடக்கிறது. ப்ரியம்வதா ஹெட்செட்டுக்குள் யாரிடமோ நம்பர்கள் சொல்கிறாள், அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருக்கிறது, தயக்கமே இல்லாத குரல். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. பனி இன்னும் தொடங்கவில்லை, தொடங்கவே போவதில்லை, நாங்கள் இறங்க வேண்டிய அவசியமும்—

இது இரண்டு பக்கம் போகிறது. உங்களுக்குத் தேவைப்படாது என்று நிறுத்திக்கொள்கிறேன். நடக்காததை அழகாக எழுதினால், நடந்ததைச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வியாதி.

மூன்றாவதில் கணவன் சொல்லிவிடுகிறான். காலை உணவின்போது, தோசைக்கும் காபிக்கும் நடுவில். அதில் அவளுக்கு நான் நான்கு விதமாக வசனம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுகிறாள். ஒன்றில் சிரிக்கிறாள், பயங்கரமாக. ஒன்றில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறாள். ஒன்றில் உடனே மன்னித்துவிடுகிறாள். நான்குமே எனக்கு வசதியாக இருந்தன. இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தும், அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் அந்தப் பக்கத்தில் அவள் பேச வேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.

7

என் எல்லாக் கதைகளையும் முதலில் படிக்கிறவள் அவள். பென்சிலோடு உட்காருவாள். மாத்திரை பெயர் தப்பு, இந்த ஊரில் அந்த ரோடு இல்லை, இந்தப் பெண் இப்படிப் பேச மாட்டாள் என்று ஓரத்தில் எழுதித் தருவாள். இத்தனை நேரம் 'நீங்கள், நீங்கள்' என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மன்னிக்கவும். இந்தத் தாள்கள் இன்று காலை உணவு மேஜையில் ஒரே ஒருத்தருக்காக வைக்கப்பட்டிருக்கின்றன.

ப்ரியா.

நீ சுவிட்சைப் போட்டிருந்தாய். இரண்டு தடவை பார்த்ததும் உண்மை. ஐந்து மணிக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன், அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை நீ போக வேண்டிய இடம் அந்த டாக்டர் இல்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம். ஃபிரெடியிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நீ இதைப் படிக்கும்போது வாக்கிங் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஷூவைக்கூட மாட்டினேன். கழற்றிவிட்டேன். உனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். போனை வேறு அறையில் வைத்துவிட்டேன்.

எது வேண்டுமானாலும் சொல். எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன்.